கொக்கு நிற்கும் இடம்

தமிழ் இலக்கியத்திலே கொக்குக்கும் நாரைக்கும் குருகுக்கும் கிடைத்த இடம் தனியானது. மயிலை அதன் தோகைக்காகப் பாடினார்கள். குயிலை அதன் குரலுக்காகப் பாடினார்கள். கொக்கையோ அது நிற்கும் நிலைக்காகப் பாடினார்கள். இலக்கியம் பேசும் இத்தொடரிலே பறவைகளின் இரைதேடலைப் பற்றிப் பேச வந்திருப்பது நேயர்கள் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் இரண்டும் நாம் நினைக்குமளவுக்குத் தூரத்தில் இல்லை.

மூன்று பாடல்களை எடுத்துக்கொள்வோம். மூன்றும் நம்மிற் பலர் படித்தவைதான். முதலாவது, குறுந்தொகையிலே கபிலர் பாடிய 25ஆம் பாடல். தலைவன் தன்னைக் கூடிய வேளையிலே சாட்சியாக வேறு யாரும் இருக்கவில்லை, ஒரு குருகுதான் இருந்தது என்கிறாள் தலைவி. தினையின் தாளைப் போன்ற மெல்லிய பசிய கால்களுடன், ஓடுகின்ற நீரிலே ஆரல் மீனைப் பார்த்து நின்ற குருகு அது. இரண்டாவது, நற்றிணையின் 70ஆம் பாடல். பாடியவர் வெள்ளிவீதியார். எங்கள் ஊருக்கு வந்து, எங்கள் துறையைத் துழாவி, சினைகொண்ட கெளிற்றைத் தின்றுவிட்டு அவருடைய ஊருக்குப் பறந்து போகிறாயே, என் துயரை மட்டும் அவரிடம் சொல்லாதிருக்கிறாயே என்று தலைவி ஒரு சிறிய வெண்குருகிடம் நோகிறாள். மூன்றாவது, ஔவையாரின் மூதுரை. சிறிய மீன்களைப் போகவிட்டு, தக்க மீன் வரும்வரை மடையின் தலைப்பிலே சோர்ந்தாற்போல நிற்கும் கொக்கை ஔவையார் காட்டுகிறார். அடக்கமாக இருப்பவரை அறிவில்லாதவர் என்று எண்ணிவிடாதே என்பது அங்கே பாடம்.

இம்மூன்றிலும் நாம் பறவையை நினைவில் வைத்திருக்கிறோம். அது நின்ற இடத்தை மறந்துவிட்டோம். கபிலரின் குருகு ஏதோ ஒரு நீரில் நிற்கவில்லை, ஓடும் நீரில் நிற்கிறது. வெள்ளிவீதியாரின் குருகு ஊர்த்துறையின் மேலோட்டமான நீரிலே காலால் துழாவுகிறது. ஔவையாரின் கொக்கு மடையின் தலைப்பிலே நிற்கிறது. பரந்த நீர் ஒரு வாயிலாகச் சுருங்கும் அந்த இடத்திலே மீன்கள் தாமாகவே வந்து குவியும். பறவை எங்கே நின்று இரை தேடுகிறது, ஏன் அங்கே நிற்கிறது என்று இன்றைய உயிரியல் கேட்கும் கேள்விக்கான முதல் அவதானிப்புகள் இவை. பறவைகளைக் கருப்பொருளாகவும், நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகவும் வைத்தது நமது பொருளிலக்கணம். நிலமும் பொழுதும் முந்தியவை, பறவை அவற்றைப் பின்தொடர்வது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் பரவைக்கடல்களுக்கு இந்த இலக்கணம் எவ்வளவு பொருந்துகிறது என்பதை இன்று நோக்குவோம்.

விரற்கடைக் கணக்கு

குடாநாட்டின் வரைபடத்தை விரித்துப் பார்த்தால், நிலத்துக்குள்ளே உப்புநீர் எத்தனை வழிகளிலே புகுந்திருக்கிறது என்பது தெரியும். தெற்கே யாழ்ப்பாணப் பரவைக்கடல். வடக்கே தொண்டைமானாற்றிலே வாய் வைத்து வடமராட்சியின் ஓரமாகத் தென்கிழக்கே நீளும் நீர். அரியாலை, நாவற்குழிப் பக்கமாக உள்ளே செல்லும் உப்பாறு. கிழக்கே ஆனையிறவும் சுண்டிக்குளமும். புவியியல் நூல்கள் இவற்றைக் கடனீரேரி என்கின்றன. ஓரங்களிலே சேற்றுத் தரை, உவர்த் தரவை, இடையிடையே கண்டற் பற்றைகள். பண்ணைப் பாலத்தால் பேருந்திலே போகிறவருக்கு இவை எல்லாம் வெறும் வெளி. பயிர் விளையாத, வீடு கட்ட முடியாத, பெயர் மட்டும் உள்ள வெளி.

பறவைக்கு அது வெறும் வெளியன்று. இவ்விடங்களிலே பல ஆண்டுகளாக நின்று பார்த்தவன் என்ற முறையிலே சொல்கிறேன்: ஒரே வெளியிலே நிற்கும் பறவைகள் கலந்து நிற்பதுபோலத் தோன்றினாலும் அவை வரிசை வரிசையாகவே நிற்கின்றன. ஈரச் சேற்றிலே ஒரு கூட்டம். ஒரு விரற்கடை நீரிலே இன்னொரு கூட்டம். ஒரு சாண் நீரிலே வேறொன்று. அதற்கும் அப்பால் முழங்கால் நீரிலே மற்றொன்று. யார் எங்கே என்பதைக் காலின் நீளம் முதலில் தீர்மானிக்கிறது. நனையாத வயிற்றோடு எவ்வளவு தூரம் நடக்கலாம் என்பதே எல்லை.

ஓரத்திலே ஓடியோடி நின்று கொத்தும் சிறிய பறவைக்குத் தமிழிலே உப்புக்கொத்தி என்று பெயர். பெயரே அதன் இடத்தைச் சொல்லிவிடுகிறது. அதற்குக் கால் குட்டை, அலகும் குட்டை. கண்கள் மட்டும் பெரியவை. ஈரத் தரையின் மேற்பரப்பிலே அசையும் பூச்சியையும் புழுவையும் கண்டு ஓடிப் பிடிப்பது அதன் தொழில். அதற்கு அடுத்த வரிசையிலே உள்ளான்கள். அவற்றிற் சிறியது 20, 30 கிராம் எடைதான் இருக்கும். வடதுருவத்தை அண்டிய நிலங்களிலே குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வருகிறது. அதன் அலகு 2 சென்ரிமீற்றருக்கும் குறைவு, ஆகவே மேற்சேற்றிலே உள்ள இரைதான் அதற்கு எட்டும். பெரிய கோட்டானின் வளைந்த அலகு 15 சென்ரிமீற்றரை எட்டும். ஆந்தையையும் நாம் கோட்டான் என்கிறோம், நான் சொல்வது கடலோரப் பறவையை. நண்டின் வளைக்குள்ளேயும் அதன் அலகு போகும். ஒரே சேற்றின் மேல்மாடியிலே ஒன்றும் கீழ்மாடியிலே ஒன்றும் சாப்பிடுகின்றன என்று சொல்லலாம்.

சிவந்த நீண்ட கால்களையுடைய நெட்டைக்கால் உள்ளான் ஒரு சாண் நீர்வரை போகும். அதற்கும் அப்பால் பெரிய வெள்ளைக் கொக்கும் சாம்பல் நாரையும் நிற்கும். இன்னும் அப்பாலே பூநாரை. ஆழம் கூடினால் அது நீந்தவும் செய்யும். அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து, நாக்கை அசைத்து நீரை உள்ளிழுத்து வெளித்தள்ளி, நுண்ணிய உயிர்களையும் பாசியையும் வடிகட்டி உண்பது பூநாரை. உப்பு மிகுந்த நீரிலே மீன் குறையும், உப்பைத் தாங்கும் சிற்றுயிர்கள் பெருகும். மற்றவர்கள் விட்டுப் போகும் இடம் பூநாரைக்கு விருந்துமேசை ஆவது இதனாலேதான்.

இந்த விரற்கடைக் கணக்கின் முக்கியத்துவம் தரையின் சரிவிலே இருக்கிறது. ஒரு வெளி ஆயிரம் மீற்றருக்கு ஒரு மீற்றர் மட்டுமே தாழ்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அங்கே நீர்மட்டம் 10 சென்ரிமீற்றர் உயர்ந்தால் கரையோரம் 100 மீற்றர் நகர்ந்துவிடும். மனிதனுக்கு அது கணுக்கால் அளவு வித்தியாசம். உப்புக்கொத்திக்கோ நேற்றைய வயல் முழுவதும் இன்றைக்கு மூழ்கிப்போயிற்று.

கண்ணால் தேடுவனவும் தொட்டுத் தேடுவனவும்

ஆழம் மட்டும் இடத்தைத் தீர்மானிப்பதில்லை. இரையைத் தேடும் முறையும் தீர்மானிக்கிறது. கொக்கு கண்ணால் வேட்டையாடுவது. ஆகவே அதற்குத் தெளிந்த நீர் வேண்டும். நீருக்குள்ளே கிடக்கும் பொருள் உண்மையிலே இருக்கும் இடத்திலே தெரியாது, ஒளி வளைவதனால் சற்று மேலே தெரியும். கரும்பாறைபோல நிறமுள்ள கரைக்கொக்கு ஒன்று நம் கடலோரங்களிலும் உண்டு. அந்த இனத்தைக் கொண்டு இஸ்ரேலிலே செய்த ஆய்வொன்று 1987இல் வெளிவந்தது. மீனின் ஆழத்தையும் அது தோன்றும் இடத்தையும் பொறுத்துக் கொக்கு தன் தலையின் நிலையைச் சரிசெய்துகொண்டே அலகை வீசுகிறது என்பதை அது காட்டியது. பாடசாலையிலே குவளைக்குள் பென்சிலை வைத்து நாம் படித்த பாடத்தைக் கொக்கு பசியினாற் படித்திருக்கிறது.

வெள்ளிவீதியாரின் வெண்குருகு இன்னொரு வழி கண்டது. சின்ன வெள்ளைக் கொக்குக்குக் கால்கள் கறுப்பு, பாதங்கள் மட்டும் மஞ்சள். மேலோட்டமான நீரிலே ஒரு பாதத்தை முன்வைத்துக் கலக்குகிறது. ஒளிந்திருந்த மீனும் இறாலும் கலைந்து ஓடும்போது கொத்துகிறது. துழாவுதல் என்று அந்தப் புலவர் சொன்ன சொல் அலங்காரத்துக்காகப் போட்டதன்று. பார்த்து எழுதியது.

நாரைகளின் வழி வேறு. மஞ்சள் அலகும் இளஞ்சிவப்பு வாலோரமும் கொண்ட சங்குவளை நாரை, அலகைச் சற்றே திறந்து நீருக்குள்ளே அமிழ்த்தி, அங்குமிங்கும் அசைத்துக்கொண்டு நடக்கும். பனங்கிழங்கைப் பிளந்தாற்போன்ற அலகு என்று சத்திமுத்தப் புலவர் நாரையைப் பாடினார். பனங்கிழங்கைப் பிளந்து தும்பு நீக்கித் தின்னும் யாழ்ப்பாணத்தாருக்கு அந்த உவமையை விளக்க வேண்டியதில்லை. அந்தப் பிளவுக்குள்ளே மீன் பட்டவுடன் அலகு தானாக மூடிக்கொள்ளும். இந்த நாரையின் நெருங்கிய உறவான அமெரிக்க மர நாரையைக் கொண்டு பிலிப் கால் என்பவரும் இன்னொருவரும் செய்த சோதனை 1963இல் வெளிவந்தது. மீன் பட்டதிலிருந்து அலகு மூடும்வரை ஆகும் நேரம் ஒரு வினாடியின் 40இல் ஒரு பங்கு என்று அவர்கள் கண்டார்கள். கலங்கிய நீரிலே கையால் தடவி இறால் பிடிப்பவர்களை நாம் கண்டிருக்கிறோம். நாரையும் அவ்வாறே. அதற்குத் தெளிந்த நீர் தேவையில்லை, நெருக்கமாக இரை உள்ள நீர் தேவை. கரண்டிபோன்ற அலகை இருபுறமும் வீசிச் செல்லும் கரண்டிவாயனுக்கும், சேற்றைக் குத்தித் தேடும் வெள்ளை அரிவாள் மூக்கனுக்கும் இது பொருந்தும்.

ஆகவே காற்று எழுந்து நீர் கலங்கும் நாளிலே கொக்குக்கு நட்டம், நாரைக்குப் பெரிய நட்டமில்லை. ஒரே இடம், ஒரே ஆழம். ஆனால் நீரின் தெளிவு மாறினால் வாடிக்கையாளர்களும் மாறிவிடுகிறார்கள்.

காத்திருப்பின் கணக்கு

இனி ஔவையாரின் கொக்குக்கு வருவோம். சிறு மீனை விட்டுப் பெரிய மீனுக்குக் காத்திருப்பது இலாபமா? 1966இல் அமெரிக்க விஞ்ஞானிகள் இதனைக் கணக்காக்கினார்கள். மக்காதரும் பியன்காவும் ஒரு கட்டுரையிலே, எம்லென் என்பவர் இன்னொரு கட்டுரையிலே. இரையைத் தேடவும் பிடிக்கவும் விழுங்கவும் செலவாகும் நேரத்தையும், அதனாற் கிடைக்கும் சக்தியையும் தராசின் இரு தட்டுகளிலே வைத்துப் பார்ப்பது அவர்கள் வழி.

இக்கணக்கை வெளியிலே சோதித்தவர் பிரித்தானிய ஆய்வாளர் ஜோன் கோஸ்-கஸ்ரட். அவர் எடுத்துக்கொண்டது சிவந்த கால்களையுடைய ஓர் உள்ளான். குளிர்காலத்திலே நமது சேற்றுத் தரைகளுக்கும் தவறாமல் வருவது அது. 1977இல் அவர் எழுதியதன் சாரம் இது: பெரிய புழுக்கள் தாராளமாகக் கிடைக்கும் இடத்திலே அந்தப் பறவை சிறிய புழுக்களை விட்டுவிடுகிறது. சிறிய புழுக்கள் எத்தனை கிடந்தாலும் அது பொருட்படுத்துவதில்லை. பெரியவை குறைந்த இடத்திலேதான் சிறியவற்றையும் எடுக்கத் தொடங்குகிறது. மடைத்தலைப்பிலே நிற்கும் கொக்கைப் பற்றி ஔவையார் சொன்னதும் இதுவே. ஆனால் விஞ்ஞானம் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறது. காத்திருப்பது கொக்கின் குணமன்று, இடத்தின் வளம். தக்க மீன் வராத மடையிலே எந்தக் கொக்கும் காத்திருக்காது. பொறுமையாக நிற்கும் கொக்கைக் கண்டால் அந்த நீரிலே பெரிய மீன் இருக்கிறது என்று அறியலாம். ஓடியோடி நுணுக்கங்களைக் கொத்தும் கொக்கைக் கண்டால் நீரைப் பற்றிக் கவலைப்படலாம்.

இன்னொரு தட்டிலே அச்சமும் இருக்கிறது. வில் கிரெஸ்வெல் என்பவர் ஸ்கொற்லாந்துக் கடலோரத்திலே அதே செங்கால் உள்ளானைக் கவனித்தார். பருந்தினம் மறைந்திருந்து பாயக்கூடிய இடங்களுக்கு அருகிலே அபாயம் அதிகம் என்பது அவரது ஆய்வுகளிலே தெரிந்தது. நல்ல சேறு இருந்தும் ஓரிடத்திலே பறவை இல்லையென்றால், அங்கே பசியை அச்சம் வென்றிருக்கிறது என்று கொள்ள வேண்டும். நாய்களும், வீதியோர இரைச்சலும், கல்லெறியும் சிறுவர்களும் பறவையின் கணக்கிலே பருந்தின் பக்கத்திலேதான் எழுதப்படுகிறார்கள்.

வாடையும் சோளகமும்

மேலை நாடுகளிலே கடலோரப் பறவைகளை ஆராய்ந்தவர்கள் வற்றுப்பெருக்கைப் பற்றியே மிகுதியாக எழுதியிருக்கிறார்கள். அங்கே கடல் நாளுக்கு இருமுறை பல மீற்றர் ஏறி இறங்குகிறது. இலங்கைக் கரையிலே அந்த ஏற்ற இறக்கம் ஒரு மீற்றருக்கும் குறைவு. நமது பரவைக்கடல்களின் மேசையை விரிப்பவை மழையும் வெயிலும் காற்றும்.

குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரையிலான மாரிதான் நமது ஆறு. அந்நாளிலே குளங்கள் நிரம்புகின்றன. வழுக்கையாறு சில நாட்கள் ஓடுகிறது. வயல்வெளிகள் நீர்வெளிகளாகின்றன. பரவைக்கடலிலே நீர் உயர்ந்து உவர் தணிகிறது. அப்போது கொக்குகள் பல வயலுக்கும் குளத்துக்கும் ஏறிவிடும். உண்ணிக்கொக்கு மாட்டின் காலடியை விட்டு உழவு இயந்திரத்தின் பின்னாலும் போகப் பழகிவிட்டது. நத்தைகுத்தி நாரை குளத்து நத்தையைத் தேடும்.

தைக்குப் பின் மழை ஓய்கிறது. நீர் நாளும் சிறிது சிறிதாக வற்றுகிறது. இந்த வற்றுதலிலேதான் பெரிய விருந்து இருக்கிறது. பரந்த நீரிலே சிதறியிருந்த மீனும் இறாலும் ஒடுங்கும் குட்டைகளிலே நெருங்குகின்றன. மூழ்கியிருந்த சேறு வரி வரியாக வெளிப்படுகிறது. ஒவ்வொரு நாளும் ஒரு புதிய விரற்கடை. நாரைகளும் உள்ளான்களும் அந்த ஓரத்தைப் பின்தொடர்ந்து நகர்கின்றன. புரட்டாதி, ஐப்பசியிலே வடக்கிலிருந்து வந்த வலசைப் பறவைகளுக்கு இது மிக முக்கியமான காலம். பங்குனி, சித்திரையிலே அவை திரும்பிப் பறக்க வேண்டும். சில சிறிய இனங்கள் அந்தப் பயணத்துக்காகத் தம் எடையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொள்கின்றன. அந்தக் கொழுப்பின் ஒரு பங்கு நமது சேற்றிலிருந்து போவது. மறுகரையிலே கோடியக்கரையும் இதே பறவைகளின் தங்குமிடம். அங்கே மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் நெடுங்காலமாக வளையமிட்டுப் பறவைகளை ஆராய்ந்து வருகிறார்கள். பறவைக்குப் பாக்குநீரிணை ஒரு எல்லையன்று, ஒரே சாப்பாட்டு மண்டபத்தின் நடுவழி.

கோடையிலே சோளகம் வீசத் தொடங்கும். மேலோட்டமான நீரைக் காற்று ஒரு கரையிலிருந்து மறுகரைக்குத் தள்ளும். காலையிலே சேறாக இருந்த இடம் மாலையிலே நீராகும். உப்பாற்று ஓரங்களிலே தரை வெடித்து உப்புப் பூக்கும். வாடைக்கு ஒரு மேசை, சோளகத்துக்கு ஒரு மேசை. ஒரே இடத்தைக் காத்தாற் போதாது என்பதற்கு இதுவே காரணம். நாவற்குழி நீரால் நிரம்பும் நாளிலே மண்டைதீவும், மண்டைதீவு காயும் நாளிலே சரசாலைக் குருவிக்காட்டு ஓரமும் பறவைக்கு வேண்டும். நாம் தனித்தனி ஊர்களாகக் காண்பவை பறவைக்கு ஒரே வீட்டின் அறைகள்.

தேடுவோரும் தங்குவோரும்

இவ்விடத்திலே அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தை நினைவுகூர வேண்டும். 1948இலிருந்து அங்கே பெரும் அணைகளும் கால்வாய்களும் அமைக்கப்பட்டன. வெள்ளத்தைத் தடுப்பதும் நகரங்களுக்கு நீர் கொடுப்பதும் நோக்கம். நீர் இருந்தது. ஆனால் வற்றும் காலத்திலே மெல்ல மெல்ல வற்றும் அந்த ஒழுங்கு குலைந்தது. ஓரிடத்திலே ஆழமாகத் தேங்கியது, இன்னோரிடத்திலே காய்ந்தது. குஞ்சுகள் கூட்டிலிருக்கும் காலத்திலே நீர் திடீரென்று ஏறினால் மீன் சிதறிவிடும், நாரைகள் கூட்டைக் கைவிட்டுப் போய்விடும். நாரைகளும் கொக்குகளும் முன்பிருந்த தொகையிலிருந்து பெரிதும் வீழ்ந்தன. 2000ஆம் ஆண்டிலே அந்நாட்டுக் காங்கிரஸ் பெருஞ் செலவிலான மீட்புத் திட்டமொன்றை அங்கீகரிக்க வேண்டியதாயிற்று.

அங்கே டேல் கௌலிக் என்ற ஆய்வாளர் செயற்கைக் குளங்களை அமைத்து நீரை 10, 19, 28 சென்ரிமீற்றர் ஆழங்களிலே வைத்தார். மீனின் நெருக்கத்தையும் மாற்றினார். எந்தப் பறவை எந்தக் குளத்துக்கு வருகிறது, எப்போது விட்டுப் போகிறது என்று பார்த்தார். 2002இல் வெளியிட்ட முடிவிலே பறவைகளை இரு வகையாகப் பிரித்தார். ஒரு வகை தேடுவோர். மர நாரையும் வெள்ளை அரிவாள் மூக்கனும் இதிலே அடங்கும். மீன் சற்றுக் குறைந்தவுடனேயே, இன்னும் மீதி இருக்கும்போதே, இவை வேறு நல்ல குளத்தைத் தேடிப் பறந்துவிடும். மற்ற வகை தங்குவோர். பெரிய வெள்ளைக் கொக்கு இவ்வகை. மீன் வெகுவாகக் குறைந்த பின்னும் அங்கேயே நின்று உள்ளதைக் கொண்டு பிழைக்கும்.

இந்தப் பிரிவு நமக்குச் சொல்வது மிகப் பெரிது. நல்ல இடங்கள் பல இருக்கும்வரை தேடுவோருக்கு வாழ்வு உண்டு. இடங்கள் குறையக் குறைய அவைதான் முதலில் நலிகின்றன. தங்குவோர் கடைசிவரை நிற்பார்கள். ஆகவே ஒரு பரவைக்கடல் கெட்டுப்போகும்போது அது ஒரேநாளில் வெறுமையாவதில்லை. முதலில் நாரை குறையும். பின்பு அரிவாள் மூக்கன் குறையும். வெள்ளைக் கொக்கு மட்டும் நிற்கும். வீதியால் போகிற நாம், கொக்கு நிற்கிறதுதானே, பறவைக்கு என்ன குறை என்போம். கொக்கு நிற்பது வளத்துக்குச் சாட்சியன்று. கபிலரின் தலைவிக்குக் கிடைத்ததும் அப்படிப்பட்ட சாட்சிதான். கண்டதைச் சொல்லாத சாட்சி.

நன்னீரும் உவர்நீரும்

இனி நமது வீட்டுக் கதை. குடாநாட்டிலே கிணறுதான் உயிர். கிணற்றிலே உவர் ஏறுவது நம் பழைய துயரம். பரவைக்கடல்களின் வாய்களை அடைத்து மழைநீரைத் தேக்கினால் நிலத்தடி நீர் நன்னீராகும் என்ற எண்ணம் நெடுங்காலமாக இருந்து வந்தது. தொண்டைமானாற்றிலே தடுப்பணை எழுந்தது அதனாலேதான். நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1954இல் இதனை விரித்து, யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்ற திட்டமாக முன்வைத்தார். ஆனையிறவு நீரை நன்னீராக்கி, முள்ளியான் கால்வாயால் வடமராட்சி நீரோடு இணைத்து, அங்கிருந்து உப்பாறுவரை கொண்டுவருவது அதன் சாரம். முழுமையாக நிறைவேறாத அத்திட்டம் அவ்வப்போது மீண்டும் பேச்சுக்கு வருகிறது.

குடிநீருக்காகத் தவிக்கும் மக்களின் பக்கம் நில்லாமல் பறவையின் பக்கம் நிற்பது என் நோக்கமன்று. மடையை யார் திறப்பது, எப்போது திறப்பது, எவ்வளவு மெதுவாகத் திறப்பது என்ற கேள்விகளுக்கும் அத்திட்டத்திலே இடம் இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். ஆண்டு முழுவதும் ஒரே மட்டத்திலே நிற்கும் நீர் பார்வைக்கு அழகானது. ஆனால் அதற்கு ஒரே ஓரந்தான் இருக்கும், அந்த ஓரம் நகராது. தையிலிருந்து பங்குனிவரை மட்டம் மெல்ல இறங்கினால் ஒவ்வொரு நாளும் புதிய ஓரம் பிறக்கும். பொறியியலாளருக்கு அது மடைப்பலகை பற்றிய முடிவு. உள்ளானுக்கு அது வடதுருவம் போய்ச் சேர்வதா இல்லையா என்ற முடிவு. உவரும் முழுவதாகப் போய்விடக் கூடாது. சில தொடுவாய்களிலே அது இருந்தாற்றான் பூநாரைக்கு மேசை இருக்கும், இறாலுக்கும் வழி இருக்கும். பெருங்கடலிலே முட்டையிட்டுப் பரவைக்கடலிலே வளரும் இறாலை நம்பி வாழும் கடற்றொழிலாளரின் கணக்கும் இங்கே பறவையின் கணக்கோடு ஒன்றாகிறது.

தேக்குவதைவிட நிரப்புவது கடுமையானது. தேக்கிய நீரை ஒருநாள் திறந்துவிடலாம். மண்ணும் குப்பையும் கொட்டி உயர்த்திய சேற்றுத் தரையைத் திரும்பப் பெற முடியாது. கல்லுண்டாய் வெளியால் போகிறவர்கள் அங்கே குப்பை மேடு எழுந்ததைக் கண்டிருப்பார்கள். வெளி என்று பெயர் வைத்த இடத்தையெல்லாம் வெறுமையென்று எண்ணும் பழக்கத்தின் விளைவு அது. 2025 செப்ரெம்பரிலே மண்டைதீவிலே சர்வதேசக் கிரிக்கெற் மைதானத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டபோது, அங்குள்ள ஈரநிலத்தைப் பற்றிய கவலைக் குரல்களும் எழுந்தன. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு மைதானம் வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் ஓரிடத்தைக் கட்டுவதற்கு முன், மாரியிலும் கோடையிலும் அங்கே நீர் எத்தனை விரற்கடை நிற்கிறது, யார் வந்து சாப்பிடுகிறார்கள் என்று ஓராண்டு பார்த்துக் குறித்துவைப்பது பெரிய செலவன்று.

சட்டத்தின் பாதுகாப்பு பெற்ற இடமும் நம்மிடம் இல்லாமலில்லை. சுண்டிக்குளம் 1938இல் பறவைகள் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 2015இல் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. அது நல்ல செய்தி. ஆனால் நான் மேலே சொன்னபடி, ஓர் அறையைப் பூட்டிக் காத்தால் வீடு காக்கப்பட்டதாகாது. பூங்காவின் எல்லைக்கல் நகராது, நீரின் ஓரமோ நாளும் நகர்கிறது.

இதற்குப் பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை. தை மாதத்து விடியலிலே மாணவர் பத்துப்பேர் நாவற்குழியிலோ பண்ணையிலோ நின்று, எந்தப் பறவை கணுக்கால் நீரிலே, எது முழங்கால் நீரிலே, எது சேற்றிலே, எது காத்திருக்கிறது, எது ஓடுகிறது என்று ஒரு கொப்பியிலே எழுதலாம். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் தை மாதத்தை ஒட்டி நடந்து வருகிறது. எண்ணிக்கையோடு இடத்தையும் ஆழத்தையும் சேர்த்து எழுதினால், பத்தாண்டின் பின் அந்தக் கொப்பி எந்த மனுவையும்விட வலிமையாகப் பேசும்.

வெள்ளிவீதியாரின் வெண்குருகு அவளுடைய ஊர்த்துறையிலே உண்டு அவனுடைய ஊருக்குப் பறந்தது. அது தூது சொல்லவில்லை என்று அவள் நொந்தாள். ஆனால் அது மீண்டும் வரும் என்பதிலே அவளுக்கு ஐயம் இருக்கவில்லை. துறையிலே கெளிறு இருந்தது, துழாவக்கூடிய நீர் இருந்தது. அந்த நம்பிக்கையின் மீதுதான் பாட்டே நிற்கிறது. துறை இல்லாத ஊரிலே குருகைக் கூப்பிடும் பாட்டும் பிறக்காது.